மத்தியானம் சுருண்ட மக்காச்சோளம்

*தோட்டத்து வீடு (குழு)*

மாமா (1.40): படம் பாருங்கள். மக்காச்சோள இலையெல்லாம் வெங்காயத்தாள் மாதிரி சுருண்டு நிற்கிறது. நேற்றுதான் சொட்டுநீர் அரை மணி நேரம் விட்டேன். மறுபடி மோட்டாரைப் போடட்டுமா?

சித்தி: தினமும் போட்டால் கிணறு என்னத்துக்கு ஆகும் அண்ணா

நான்: இப்போது போடாதீங்க மாமா. இந்த வெயிலில் இலை தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிற வேகத்துக்கு வேரால் இழுத்துக் கொடுக்க முடியாது, அதனால் மண்ணில் ஈரம் இருந்தாலும் சுருளும், சுருண்டால் வெயில் படுகிற பரப்பு குறையும். சாயங்காலம் விரிந்தால் கவலை இல்லை.

தம்பி: குடிக்கிற தண்ணீரெல்லாம் அப்போ எங்கே போகிறது?

நான்: 100 லிட்டரில் 95க்கு மேல் இலைத்துளை வழியாக ஆவியாகிவிடும்டா. மண் காய ஆரம்பித்தால் வேரிலிருந்து அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் மேலே போய்த் துளையை மூட வைக்கும். தண்ணீர் மிச்சம்தான், ஆனால் கரியமிலவாயு உள்ளே வருவதும் அதே வழி, வளர்ச்சியும் அடிபடும்.

மாமா (6.25): மேல்பக்கம் செம்மண்ணில் இன்னும் விரியவில்லை கண்ணு. கரிசல் பக்கம் விரிந்துவிட்டது, ஆனால் அடி இலை மஞ்சளடிக்கிறது.

நான்: இரண்டு பக்கமும் அரையடி தோண்டி ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்க

மாமா: செம்மண் மேலே ஒரு விரற்கடைதான் ஈரம், அதற்குக் கீழே எடுத்தது கையில் நிற்காமல் உதிர்கிறது. கரிசல் கொழுக்கட்டை மாதிரி பிடிபடுகிறது, கட்டைவிரலால் தள்ளினால் நாடாவாக நீள்கிறது.

நான்: அப்போ ஒரே வால்வில் இரண்டையும் ஓட்டியதுதான் தப்பு. கரிசலில் வேருக்குக் காற்று இல்லை, செம்மண்ணில் தண்ணீர் இல்லை.

அப்பா: கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நல்லதுதானே?

நான்: பிடித்ததை எல்லாம் கொடுக்காது அப்பா. நுண்ணிய களிமண், தண்ணீரை இறுக்கிக்கொள்ளும். அதை உறிஞ்ச சுமார் 15 பார் (அழுத்த அளவு) இழுவை தேவைப்பட்டால் பெரும்பாலான பயிர் கைவிட்டுவிடும், கார் டயர் காற்றழுத்தத்தைப் போல ஏழு மடங்கு. அந்த நிலையிலும் கரிசலில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கலாம், மணலில் ஐந்தாறுதான். அதனால் தொட்டால் ஈரம் என்பதை மட்டும் நம்பக்கூடாது.

சித்தி: விதைத்து எத்தனை நாள்?

மாமா: 52. ஆண் பூ எட்டிப் பார்க்கிறது.

நான்: ஐயோ மாமா, அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! இப்போது காய்ந்தால் கருதில் நூல் வருவது தள்ளிப்போகும், அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்துவிடும், மணி பிடிக்காது. மத்தியானம் சொன்னதை விடுங்க, செம்மண்ணுக்கு இன்று இரவே நன்றாக ஆழம் இறங்குகிற மாதிரி விடுங்க. கரிசலுக்கு வேண்டாம்.

மாமா: வால்வைப் பிரிக்க ஆள் வர நாலு நாள் ஆகும்.

தம்பி: கரிசல் வரிசைக் குழாய்களைத் தொடக்கத்தில் மடித்துக் கட்டிவிடலாமே

மாமா: நாற்பது வரிசை. நீ வந்து கட்டு.

மாமா (9.10): 22 கட்டியாயிற்று. சணல் தீர்ந்துவிட்டது, அத்தை பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.