மஸ்கட்ல குடும்பத்தோட ஸ்நார்க்கலிங்: முன்பணம் கட்டிட்டேன், இப்ப வீட்ல சண்டை. அவசரம்

பாலக்கோட்டுப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மஸ்கட் போயி ஏழு மாசம் ஆகுது. இப்ப லீவுல ஊர்ல இருக்கேன். வர்ற செவ்வாய்க்கிழமை குடும்பத்தையும் கூட்டிக்கிட்டுத் திரும்பணும். அந்த வெள்ளிக்கிழமையே மஸ்கட் பக்கத்துக் கடல்ல இருக்கிற டைமானியத் தீவுக்கு போட்ல போய் ஸ்நார்க்கலிங் பண்ண, அதான் மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புற மிதந்து மீன் பார்க்கிறதுக்கு, முன்பணம் கட்டிட்டேன். நேத்து ராத்திரி போட்காரர்கிட்ட இருந்து மெசேஜ். தீவுல கால் வைக்க முடியாதாம், போட்ல இருந்தே தண்ணியில இறங்கி ஏறணுமாம். இதைக் கேட்டதும் மாமனார் சோத்துல கை வச்சவர் அப்படியே எழுந்து போயிட்டார். வீட்டுக்காரி பேசவே மாட்டேங்கிறா. பணம் திரும்ப வராதுன்னு சொல்றாங்க. என்னை ஏமாத்திட்டாங்களா? போகலாமா, வேண்டாமா?

காவேரிப்பட்டணத்தார்:
தம்பி, ஸ்நார்க்கலிங் கிடக்கட்டும். ஏழு மாசத்துலயே குடும்பத்தைக் கூட்டிட்டுப் போறியே, வீடு பார்த்துட்டியா? நான் 2007 ஏப்ரல்ல மஸ்கட்ல ரூவிங்கிற ஏரியாவுக்குப் போய் இறங்கினேன். ஒரு ரூம்ல எட்டு பேர். ரெண்டு மாசம் முடியல, ஜூன் முதல் வாரம் கோனு புயல் வந்துது. வாடின்னு சொல்ற காஞ்ச ஆத்துப் பள்ளத்துல வந்த வெள்ளம் காரையெல்லாம் தீப்பெட்டி மாதிரி உருட்டிக்கிட்டுப் போச்சு. கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை நின்னுபோய், குழாய்ல நாள் கணக்கா சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு பாட்டில் தண்ணிக்காக வெயில்ல வரிசையில நின்னவன் நான். இன்னிக்கும் மேகம் கறுத்தா கடல் பக்கம் போக மாட்டேன். முதல் வருசம் காசைச் சேர்த்து வை தம்பி.

ஓசூர்–ஷார்ஜா:
அவர் சொல்றதைக் கேட்டுப் பயப்படாதீங்க. ஆனா டைமானியத்தும் வேண்டாம். இங்க எமிரேட்ஸ்ல ஃபுஜைராவுக்கு வந்துடுங்க. ஸ்னூப்பி தீவுன்னு ஒரு பாறை, கரைக்கு ரொம்பப் பக்கம். போட்டே தேவையில்ல, மணல்ல இருந்து நடந்தே தண்ணியில இறங்கலாம். நான் வந்த புதுசுல கையில காசு இல்லாம வெள்ளிக்கிழமைகளை ரூம் சுவத்தைப் பார்த்தே கழிச்சேன். அந்தத் தண்ணியில முகத்தை வச்ச அன்னிக்குத்தான் இந்த ஊர்ல இருந்துடலாம்னு மனசு வந்துது.

பாலக்கோட்டுப் பையன்:
அண்ணா, குடும்பத்துக்கு ஓமன் விசா மட்டும்தான் எடுத்திருக்கேன். எமிரேட்ஸ் எப்படி வர்றது?

பென்னாகரம் நர்ஸ்:
தம்பி, மஸ்கட்ல பதினோரு வருசமா இருக்கேன். முதல்ல ஒண்ணு: போட்காரர் உங்களை ஏமாத்தல. டைமானியத் ஒன்பது தீவும் 1996ல இருந்து பாதுகாக்கப்பட்ட இடம். அழுங்காமையும் பேராமையும் அங்க மணல்ல முட்டையிட வரும். அதனால மே 1 முதல் அக்டோபர் 31 வரைக்கும் தீவுல யாரும் இறங்கக் கூடாது. போகலாம், தண்ணியில நீந்தலாம், கரை ஏறக் கூடாது. அவர் முன்பணம் வாங்குறப்பவே இதைச் சொல்லியிருக்கணும், அது தப்புதான்.
ஆனா நீங்க முக்கியமானது எதையும் சொல்லலையே. யார் யார் வர்றீங்க? குழந்தைக்கு என்ன வயசு? நீச்சல் யாருக்குத் தெரியும்? யாராவது மாத்திரை சாப்பிடுறாங்களா?

ஊத்தங்கரை:
நீச்சல் தெரியலைன்னா என்ன? முகம் முழுக்க மூடுற மாஸ்க் ஆன்லைன்ல கிடைக்குது. மூக்கால மூச்சு விடலாம், வாயில எதையும் கவ்வ வேண்டாம். நான் கத்தார்ல அதைத்தான் போடுறேன், பிரச்சினையே இல்ல.

அரூர் அண்ணன்:
விமானம் எங்க இருந்து? பெங்களூருன்னா ஆறு மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க. நான் முதல் தடவை போறப்ப அத்திப்பள்ளி தாண்டினதும் மாட்டினேன், சில்க் போர்டுல இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. கவுன்டரை மூடிட்டாங்க. வட்டிக்கு வாங்கி எடுத்த டிக்கெட். அப்பா கட்டிக் குடுத்த புளிச்சோத்தை ஏர்போர்ட் வாசல்லயே உக்காந்து சாப்பிட்டேன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரில இருந்து இத்தனை பேர் கல்ஃப்ல இருக்கோம், இன்னும் நாம பெங்களூருக்கும் சென்னைக்கும் ஓட வேண்டியிருக்கு.

காவேரிப்பட்டணத்தார்:
உண்மை. அதுலயும் இந்த மாம்பழ சீசன்ல டிக்கெட் விலையைப் பாருங்க. பள்ளிக்கூட லீவுன்னு தெரிஞ்சே ஏத்துறாங்க. நம்ம பெங்களூரா மாங்காய் தோட்டத்துல கிலோ அஞ்சுக்கும் ஆறுக்கும் போன வருசங்களை நான் பார்த்திருக்கேன். பறிக்கிற கூலிக்குக் கட்டாம மரத்துலயே விட்டோம். அங்க போய் கடையில அதே காயைப் பார்க்கிறப்ப நெஞ்சு அடைக்கும்.

ஓசூர்–ஷார்ஜா:
எனக்கும் அப்படித்தான் அண்ணா. பாலக்கோட்டுத் தக்காளியும் அதே கதைதானே.

பாலக்கோட்டுப் பையன்:
அக்கா, மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். நான், வீட்டுக்காரி, பாப்பா, மாமனார். பாப்பாவுக்கு ஆறு வயசு. வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் நீச்சல் தெரியாது. எனக்குக் கிணத்து நீச்சல் தெரியும். மாமா நல்லா நீந்துவார். அவருக்கு 63 வயசு, ரெண்டு வருசம் முன்னாடி இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, பிபி மாத்திரை சாப்பிடுறார்.

பென்னாகரம் நர்ஸ்:
இதைத்தான் தம்பி முதல்ல சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.
மாமா தண்ணியில இறங்க வேண்டாம். கிணத்துல நீந்தினவர்ங்கிறது வேற, ஸ்டென்ட் வச்ச நெஞ்சோட அலையில குழாய் வழியா மூச்சு இழுக்கிறது வேற. மஸ்கட்ல இந்த மாசம் பகல்ல 40 டிகிரிக்கு மேல. அவர் மாத்திரையில நீர் பிரியுற மாத்திரை இருந்தா, வேர்வையில உடம்பு இன்னும் சீக்கிரம் வறண்டுடும். கிளம்புறதுக்கு முன்னாடி தர்மபுரிலயே அவரோட டாக்டரைப் பார்த்துக் கேளுங்க. சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் கைப்பையில இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் கசகசாவும் பெட்டியில வேண்டவே வேண்டாம், அங்க போதைப்பொருள் கணக்குல மாட்டிக்குவீங்க. மசாலாப் பொட்டலத்துல கசகசா கலந்திருக்கான்னும் ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.
டைமானியத் கரையில இருந்து சுமார் 18 கிலோமீட்டர். நடுக்கடல்ல ஏணியில இறங்கி ஏறணும், நிக்கிறதுக்குத் தரை கிடையாது. முதல் தடவை முகத்தைத் தண்ணியில வைக்கிறவங்களுக்கு அந்த இடம் இல்ல. போட்காரர்கிட்ட பணத்தைக் கேக்காதீங்க, இடத்தை மாத்தக் கேளுங்க. பந்தர் கைரான் ஊருக்குப் பக்கம். மலைக்கு நடுவுல கடல் உள்ளே புகுந்த இடம், அலை கம்மி. சின்னச் சின்ன மணல் கரை இருக்கு, இடுப்பளவுத் தண்ணியில நின்னே மீன் பார்க்கலாம். காலையில 7 மணிக்குக் கிளம்பி 11க்குள்ள திரும்பிடணும். மாமா நிழல்ல உக்காந்து பேத்தியைப் பார்த்துக்கட்டும்.
ஊத்தங்கரைத் தம்பி சொன்ன முழு மாஸ்க் வேண்டாம். விட்ட மூச்சே உள்ள தங்கிடுற ஆபத்து அதுல உண்டு. குழந்தை பயந்தா சட்டுனு கழட்டவும் வராது. சாதாரண மாஸ்க்கும் குழாயும் போதும். வாங்குறப்ப பட்டையை மாட்டாம மாஸ்க்கை மட்டும் முகத்துல வச்சு மூக்கால மெதுவா உறிஞ்சுங்க. கையை எடுத்தாலும் முகத்துல ஒட்டி நிக்கணும். நின்னா சரியான அளவு. தாடி, மீசை இருந்தா அந்த வழியாத்தான் தண்ணி ஏறும்.
உங்க வீட்ல பம்ப் செட் தொட்டி இருக்குமில்ல? பாப்பாவை அதுல பழக்குங்க. முட்டியளவு தண்ணி, வாயால மட்டும் மூச்சு. குழாய்ல தண்ணி ஏறினா வேகமா ஊதித் தள்ளணும். அந்த ஊதல் வந்தாப் பாதிப் பயம் போயிடும். கடல்ல வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் லைஃப் ஜாக்கெட், பாப்பாவுக்குக் காலிடுக்குல பட்டை உள்ளது. பாப்பா கையை நீங்க விடவே கூடாது, போட்டோ எடுக்கக்கூட. காவேரிக் கரையில பிறந்தவ சொல்றேன். எங்க தெருவுல ஒரு பையனை ஆத்துல பறிகொடுத்தோம். அவனுக்கு நீச்சல் தெரியும்.

ஊத்தங்கரை:
அக்கா சொன்னா சரி. குழந்தைக்கு நான் யோசிக்கல.

காவேரிப்பட்டணத்தார்:
முழுக்கை நீச்சல் சட்டை எடுத்துக்கோ தம்பி. குப்புற மிதக்கிறப்ப முதுகு வெந்து போறது தெரியவே தெரியாது. காலுக்கு ரப்பர் ஷூ. பாறை இடுக்குல கடல் முள்ளெலி இருக்கும், பவளத்து மேல நிக்கவும் கூடாது. மாமாவுக்கு ஆமை பார்க்க ஆசைன்னா ராஸ் அல் ஜின்ஸ் கூட்டிட்டுப் போ. ராத்திரியில வழிகாட்டியோட போய்க் கரையிலயே பார்க்கலாம், வெயில் கிடையாது. இடம் முன்னாடியே பதிவு பண்ணிடு. அவசரம்னா ஓமன்ல 9999க்கு போன் போடு.

பாலக்கோட்டுப் பையன்:
போட்காரர் ஒத்துக்கிட்டார், பந்தர் கைரான், வெள்ளிக்குப் பதிலா ஞாயிறு. ஒரு நாள் லீவு கேட்டிருக்கேன். மாமாவுக்கு நாளைக்குக் காலையில டாக்டர். சாயங்காலம் அவரே தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி முட்டியளவு தண்ணி விட்டார். மாஸ்க் இன்னும் வாங்கல, பாப்பா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை வச்சு இருபது எண்ணினா. ஓரத்துல மாமா அவளோட இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஆறு வயசுக்குச் சரியான மாஸ்க் கிருஷ்ணகிரில கிடைக்குமா, ஓசூருக்குத்தான் போகணுமா?

ஓசூர்–ஷார்ஜா:
ஓசூர் வந்துடுங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, முகத்துல வச்சுப் பார்த்துத்தான் வாங்கணும்.