புதுப்பிப்பு: பாம்பன் கரையில் கேனனெட்

"நல்ல போன் இருக்கும்போது ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் எதற்கு?" என்று போன பதிவில் சிலர் கேட்டிருந்தீர்கள். பாம்பனில் எடுத்த ஃபிலிம் ரோல் கழுவி வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமரா.

கேமரா 1972-ல் வந்த கேனனெட் கியூஎல்17 ஜி-3. பேட்டரி இல்லாமலே ஷட்டர் ஓடும், ஒளியை அளக்கும் மீட்டர் மட்டும் வேலை செய்யாது. பாம்பன் உச்சி வெயிலுக்கு அது தேவையும் இல்லை: ஐஎஸ்ஓ 200 ஒளியுணர்வுள்ள ஃபிலிம், லென்ஸ் துளை எஃப்16, ஷட்டர் வேகம் 1/250 நொடி. அவ்வளவுதான்.

வ்யூஃபைண்டர் நடுவே சின்ன மஞ்சள் கட்டம். அதில் வல்லத்தின் அணியம் (படகின் முன்முனை) இரண்டாகத் தெரியும். லென்ஸ் லீவரை விரலால் மெல்லத் தள்ளினால் இரண்டும் நெருங்கி, சட்டென்று ஒன்றாகும். ஃபோகஸ் நம் கைக்குள் வரும் அந்த நொடிக்காகவே இதை விட மனசு வரவில்லை. இன்னொன்று, ஃபிரேம் கோட்டுக்கு வெளியேயும் கண்ணுக்குத் தெரியும். கரைவலை இழுக்கும் அண்ணன் உள்ளே வருமுன்பே அவர் வருவது தெரிந்துவிடும். லென்ஸ் வழியே கண்ணாடியில் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமரா போலக் கண்ணாடி எழும்பி மறைக்காது, அமுக்கும் கணத்தையும் பார்க்கலாம். சத்தமும் மெல்லிய 'டிக்'தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

0.8 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, சங்கு சிப்பி எடுக்க இது ஆகாது.

ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்கா 2002-ல் நிறுத்திய எம்6 ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டரை 2022-ல் மறுபடி கொண்டுவந்தது. ஆசை நமக்கு மட்டுமில்லை.

உப்புக்காற்றில் கேமரா கெடாமல் எப்படிக் காப்பது என்று கேட்ட தம்பிக்கு: வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.