விண்வெளிச் சண்டைக் கதையா, ஹெர்மிஸ் கப்பல் மூழ்கின வரலாறா?

வடமராட்சியான்:
கொஞ்ச நாளா விண்வெளிப் படைக்கப்பல் நாவலுகளும் சோழர் காலத்துக் கடல் கதையளும்தான் மாறி மாறி வாசிக்கிறன், இடையில 1942 இந்து சமுத்திரச் சண்டை பற்றின வரலாறு ஒண்டு எடுத்து அரைவாசியில மூடி வச்சிட்டன். டன் கணக்கு, பீரங்கி அளவு, கப்டன்மாரின்ர பேர்... மனுசன் எங்க? கடற்படை வரலாறு கதை மாதிரி ஒருக்காலும் பிடிச்சு இழுக்காது.

கொக்குவில்_வாசகி:
அண்ணை, மூடின இடத்துக்கு அங்காலதான் விசயமே இருக்கு. ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு கொழும்புக்கு அடிச்ச ஜப்பான் அட்மிரல் நகுமோவின்ர கப்பல்படை 9ஆம் திகதி திருகோணமலைக்கு வருது. எச்சரிக்கை கிடைச்சதால பிரித்தானியர் முதல் நாள் இரவே தங்கட ஹெர்மிஸைத் துறைமுகத்தை விட்டு அனுப்பியாச்சு. விமானந்தாங்கிக் கப்பல், ஆனா அதில ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில! மட்டக்களப்புக்கு நேர பிடிபட்டு, துணைக்குப் போன வம்பயர் எண்ட நாசகாரிக் கப்பலோட சேர்ந்து கடலுக்குள்ள தாண்டுது, ஹெர்மிஸில மட்டும் 307 பேர் செத்தவை. தப்பட்டும் எண்டு வெளிய விட்டதுதான் அதைக் கொண்டுபோய்க் குடுத்தது. இதை ஒரு நாவலில எழுதியிருந்தா நம்பேலாது எண்டு சொல்லியிருப்பியள்.

வடமராட்சியான்:
சம்பவம் பெரிசுதான் தங்கச்சி, நான் இல்லையெண்டேல்லை. ஆனா தட்டில நிண்ட பெடியன் என்னத்தைக் கண்டான், ஆரை நினைச்சுக்கொண்டு தண்ணிக்க குதிச்சான்? அவன்ர தலைக்குள்ள நாவல்தான் போகும். விண்வெளிக் கதையில கப்பல் உடையேக்க எஞ்சின் அறைக் கதவைப் பூட்டுறாங்கள், உள்ள ஆள் நிக்குது, அதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரையே இல்லை.

கொக்குவில்_வாசகி:
போகும், ஆனா எழுதுறவருக்கு முடிவு தெரியுமெல்லோ. உங்கட சோழர் கதையில காத்து எப்ப திரும்பும் எண்டு நாயகனுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும், நகுமோவுக்கு அந்தக் குடுப்பினை இல்லை. அதே 9ஆம் திகதி கொழும்பில இருந்து போன 9 பிரித்தானிய பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோ நிண்ட அகாகி விமானந்தாங்கிக்கு மேலயே வந்திட்டுது, குண்டு கடலில விழுந்த பிறகுதான் ஜப்பான்காரருக்கு ஆள் வந்ததே தெரியும். ஒண்டும் படேல்லை. ரெண்டு மாசத்துக்குள்ள, ஜூன் 4, பசிபிக் கடலில மிட்வே தீவுச் சண்டையில அப்பிடித்தான் காணாமலே மேலால வந்த அமெரிக்க பொம்பர்கள் அகாகியை முடிச்சது, திருகோணமலைக்கு வந்த சோரியு, ஹிரியு கப்பலுகளும் அந்தச் சண்டையோட சரி. இதை விடவும் ஒரு திகில் கதை வேணுமா?

ஊரிக்காட்டான்:
நான் அண்ணையின்ர பக்கம். எங்கட வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது, ஓட்டினதில எங்கட ஊர் ஆக்களும் இருந்தவை. வரலாறு திகதியும் துறைமுகமும் சொல்லும். நாகபட்டினம் ரங்கூன் எண்டு ஓடித்திரிஞ்ச மனுசர் அட்லாண்டிக் குளிரில இரவுக்காவல் நிக்கேக்க என்ன கதைச்சிருப்பினம் எண்டு ஆராவது நாவலா எழுதவேணும்.

கொக்குவில்_வாசகி:
எழுதட்டும், நான்தான் முதல் ஆளா வாங்குவன். ஆனா எழுதுறவர் எந்தக் காத்துக்கு எந்தப் பாயை இறக்கிறது, தண்ணியை எப்பிடிச் சேமிச்சவை எண்டு முதல் தேடவேணும், இல்லாட்டி அட்லாண்டிக்கில நிக்கிற தண்டையல் (கப்பல் தலைவர்) பாக்கு நீரிணையில நிக்கிற மாதிரித்தான் கதைப்பார். அந்தத் தேடலுக்குப் பேர்தான் அண்ணை நீங்கள் அரைவாசியில மூடி வச்சது.