ஷெப் – பார்லன் ‘ட்ரபிள் இன் மைண்ட்’: 12 பார் எங்கே போச்சு?

ஊசிமுனை:
ப்ளூஸ் பாட்டு என்றால் 12 பார் (பார் என்பது நான்கு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று) என்று எல்லா இடத்திலும் படித்துவிட்டு, ஆர்ச்சி ஷெப்பும் ஹொரஸ் பார்லனும் வாசித்த ‘ட்ரபிள் இன் மைண்ட்’ ஆல்பத்தைப் போட்டேன். ஷெப்பின் சாக்ஸஃபோன், பார்லனின் பியானோ, அவ்வளவுதான், பேஸும் இல்லை டிரம்ஸும் இல்லை. ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’ ஒழுங்காக 12-ல் திரும்புகிறது. ஆனால் ஆல்பத்துக்கே பெயர் கொடுத்த பாட்டைத் தாளம் போட்டு எண்ணினால் 8-லேயே முடிந்துவிடுகிறது. ஏன்? அப்புறம், ஷெப் 1965-ல் ‘ஃபயர் மியூசிக்’ போட்ட ஆள், காதைக் கிழிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். இதில் பல இடங்களில் மூச்சுக் காற்றுதான் கேட்கிறது. அதே ஷெப்தானா?

கறுப்புத்தட்டு:
12 அதிகம் புழங்குவது, ஒரே வடிவம் இல்லை. 12-ல் ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவதில் பதில் சொல்வார்கள். வரிக்கு 4 பார், அதிலும் பாடுகிறவர் பாதியில் நிறுத்திவிட மீதியை வாத்தியம் நிரப்பும். 8 பாரில் அந்தத் திரும்பச் சொல்வது கிடையாது. ‘ட்ரபிள் இன் மைண்ட்’ அப்படி, லீராய் கார் 1928-ல் பதிவு செய்த ‘ஹௌ லாங்’ பாட்டும் அப்படி. இதே ஆல்பத்தில் வரும் ‘நோபடி நோஸ் யூ’ வாட்வில் என்ற பல்சுவை நிகழ்ச்சி மேடையிலிருந்து வந்தது, 16 பார். எண்ணுவதை விட்டுவிட்டு வரிகளை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், தானாக விளங்கும்.

தெற்குத்தெரு:
அதே ஷெப்தான். கரகரப்பு, ஸ்வரத்தை வளைத்து இழுப்பது, திடீரென்று ஒரு கத்தல், எல்லாம் இதிலும் இருக்கிறது, சுற்றி ஆள் இல்லாததால் பச்சையாகக் கேட்கிறது. 1977-ல் இருவரும் கோபன்ஹேகனில் ஸ்டீபிள்சேஸ் நிறுவனத்துக்காக ஸ்பிரிச்சுவல்களை (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப் பாட்டுகள்) ‘கோயின் ஹோம்’ என்று பதிவு செய்தார்கள், 1980-ல் அங்கேயே இது. பார்லனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலது கை பாதி முடங்கிவிட்டது. அந்தக் கையோடுதான் 1959-ல் ஜாஸ் பேஸ் கலைஞர் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’ ஆல்பத்தில் வாசித்தார். பாவம் பார்த்துக் கேட்க வேண்டாம், இடது கையை மட்டும் கவனியுங்கள், டிரம்ஸ் இல்லாத குறையே தெரியாது. வலது கை நீளமாக ஓடாமல் சின்னச் சின்னத் துண்டுகளைத் திரும்பத் திரும்பக் குத்துகிறது, ப்ளூஸுக்கு அதுதானே வேண்டும்!

நள்ளிரவுரயில்:
பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘பேக்வாட்டர் ப்ளூஸை’ முதலில் கேட்டுவிடுங்கள். 1927 பிப்ரவரி, ஒரு குரல், ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோ, வேறு யாரும் இல்லை. ஆக, இந்த ஜோடி வாசிப்பு ஏதோ புதுப் பரிசோதனை இல்லை, பாடகி உட்கார்ந்த இடத்தில் ஷெப் உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் வார்த்தைகளை விட்டு ரொம்ப தூரம் போவதில்லை. (அந்தப் பாட்டை மிசிசிப்பி பெருவெள்ளத்துக்காக எழுதியது என்பார்கள். பெரிய கரை உடைப்புகள் வந்தது ஏப்ரலில், பதிவு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.)

அரைச்சுருதி:
எல்லோரும் புகழ்கிறீர்கள், சரி. எனக்கு ஷெப்பின் சுருதி சில இடங்களில் உறுத்துகிறது, வேண்டுமென்றே வளைக்கிறார் என்று எவ்வளவுதான் சமாதானம் சொன்னாலும். இரண்டில் ஒன்று என்றால் ‘கோயின் ஹோம்’தான் எடுப்பேன்.

ஊசிமுனை:
பாடிப் பார்த்தேன், 8-ல் கச்சிதமாக உட்காருகிறது. இதிலுள்ள ‘சீ சீ ரைடர்’ 12 தானே?

கறுப்புத்தட்டு:
ஆமாம், 12. ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் 1924 பதிவையும் தேடுங்கள், கார்னெட் (ட்ரம்பெட் போன்ற கருவி) ஊதுவது லூயி ஆம்ஸ்ட்ராங். ஆரம்பத்தில் ஒரு முன்னுரைப் பகுதி பாடுவார், அதைத் தாண்டிய பிறகு எண்ண ஆரம்பியுங்கள்.