டேர்போ புகைக்கிறதா? முதலில் கிராங்கேஸைப் பாருங்கள்

கல்லடி:

என் டொயோட்டா ஸ்டார்லெட் காரின் 1331 சிசி 4ஈ எஞ்சினுக்கு வீட்டு முற்றத்திலேயே டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பூட்டினேன். செங்கலடியிலிருந்து மகா ஓயாப் பக்கம் ஏ5 வீதியில் பூஸ்ட் (டேர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றி ஓட்டிவிட்டு நிறுத்தினால் சைலன்சரில் நீலப் புகை. ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக எழும்பி நிற்கும், பொனட்டின் உட்புறமெல்லாம் ஒயில். காட்டிய இடமெல்லாம் ஒரே பதில்: "டேர்போ சீல் போயிற்று, வேறு டேர்போ போடுங்கள்." எனக்கு மனம் ஒப்பவில்லை. சீல் போனால் டிப்ஸ்டிக் ஏன் எழும்ப வேண்டும்?

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் எஞ்சினின் அடிப்பாகமான கிராங்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும், புது எஞ்சினிலும் கூட. பூஸ்ட் ஏற ஏற அதுவும் கூடும். டேர்போ இல்லாத எஞ்சினில் காற்று உள்ளே போகும் மனிஃபோல்டின் வெற்றிடம் பிசிவி வால்வு (கிராங்கேஸ் வாயுவை வெளியே விடும் வால்வு) வழியாக அதை இழுத்துவிடும். பூஸ்டில் அந்த இடத்தில் அழுத்தம் வந்துவிடுகிறது. பிசிவி சரியாக மூடாவிட்டால் அந்த அழுத்தம் திரும்பிக் கிராங்கேஸுக்குள் போகும். டேர்போவின் ஒயில் தன் பாரத்தால்தான் கீழேயுள்ள ஒயில் தொட்டியான சம்புக்கு வடிகிறது. கீழே அழுத்தம் இருந்தால் வடியாமல் மேலே தேங்கும். டேர்போ தண்டில் இருப்பது உலோக வளையம். தேங்கி நிற்கும் ஒயிலை அது தடுத்து வைக்காது. புகை அப்படித்தான் வந்தது.

அளந்து பார்க்கச் செலவே இல்லை. பழைய ஒயில் மூடியில் துளையிட்டு, மேசன்மார் மட்டம் பார்க்கும் ரியூப்பைப் பொருத்தி, மறுபாதியை 'ப' வடிவில் பலகையில் கட்டித் தண்ணீர் விட்டோம். இரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். மச்சான் பக்கத்துச் சீற்றில் பலகையைப் பிடித்திருந்தான். பூஸ்ட் வந்ததும் தண்ணீர் அவன் மடியில் கொட்டியது.

அப்புறம் பிசிவி ஹோஸில் ஒருவழி வால்வு போட்டேன், பிரேக் சேர்வோ ஹோஸில் இருக்குமே, அதே வகை. டப்பட் கவரின் மற்ற வாயிலிருந்து 19 மி.மீ. ஹோஸ் ஒயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேனுக்கு, அங்கிருந்து எயார் ஃபில்டருக்கும் டேர்போவுக்கும் இடையிலுள்ள பைப்புக்கு. பூஸ்டில் டேர்போ உறிஞ்சுவது அங்கேதான். இப்போதும் அதே டேர்போதான் ஓடுகிறது, புகை இல்லை.

கல்முனை:

அண்ணன், ஹோஸையும் கவனிக்கச் சொல்லுங்கள். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் ஒயில் பட்டு ஊறி இளகும், சூட்டில் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். ஒயில் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். கேனும் வெறும் டப்பாவாக இருந்தால் பயனில்லை. ஒயில் ஆவி ஒரு வாயால் வந்து மறுவாயால் போய்விடும். உள்ளே தடுப்புத் தகடும் ஸ்டீல் வலையும் வைத்தேன். சட்டி தேய்க்கும் இரும்புப் பஞ்சை மட்டும் வைக்காதீர்கள், உதிர்கிற துகள் நேரே டேர்போவுக்குள் போகும். இதற்கு முன் டேர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றியபோது உள்ளே ஒயில் வழிந்தது. ஒயில் கலந்த காற்றால் நொக்கிங் (பெற்றோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) சீக்கிரம் வரும், அதிலும் 92 பெற்றோல் அடித்தால் சொல்லவே வேண்டாம்.

ஆரையம்பதி:

மாரி காலத்தில் எங்கள் கேனில் வெள்ளைக் குழம்பு சேர்ந்தது. ஹெட் கேஸ்கட் போயிற்றோ என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. கூலன்ட் ஒரு சொட்டும் குறையவில்லை. கடைக்கும் பள்ளிக்கும் குட்டி ஓட்டம் ஓடினால் எஞ்சின் நன்றாகச் சூடாவதில்லை, எரிந்த வாயுவிலுள்ள நீராவி குளிர்ந்து ஒயிலோடு கலக்கிறது. அதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றலாமா?

கல்லடி:

வேண்டாம் தம்பி, அதில் தண்ணீரும் பெற்றோலும் கலந்திருக்கும். பழைய ஒயிலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கேன் சட்டுச் சட்டென்று நிறைந்தால் பெரிய கேன் தேடாமல் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறதென்று அளப்பது) செய்து பாருங்கள். ரிங் தேய்ந்திருந்தால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்.