பழைய விண்மீன் கொத்தில் இவ்வளவு இரும்பு எப்படி?

வள்ளியூர்_வானம்:
அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பழைய விண்மீன்களில் இரும்பு குறைவாக இருக்கும் என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் என்ஜிசி 6791 கொத்துக்கு வயது ஏறத்தாழ 800 கோடி ஆண்டு, இரும்போ சூரியனைப்போல் இரண்டு மடங்கு. அதில் பாதி வயதுள்ள எம்67 என்ற கொத்தில் சூரியன் அளவுதான். கணக்கு இடிக்கிறதே?

பணகுடி_வாத்தியார்:
தம்பி, வயதை மட்டும் பார்த்தால் இடிக்கத்தான் செய்யும். பிறந்த இடத்தையும் பாருங்கள். தாமிரபரணித் தலைமடையில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல்லும் விளையும். கடைமடைக்குப் பிசானம் மட்டும் கிடைத்தாலே பெரிது. பால்வெளியின் உட்பகுதி தலைமடை மாதிரி. அங்கே வாயு அடர்த்தி அதிகம். விண்மீன்கள் அடுத்தடுத்துப் பிறந்து வெடித்து, வாயுவில் இரும்பைச் சீக்கிரமே சேர்த்துவிட்டன. வெளியே போகப்போக அது குறையும். என்ஜிசி 6791 இப்போது மையத்திலிருந்து கிட்டத்தட்ட நம் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு காலத்துக்கு முன்பே இத்தனை இரும்பு இந்தப் பகுதியில் சேர்ந்திருக்கும் என்று நம்புவது கடினம். உள்ளே பிறந்து வெளியே நகர்ந்து வந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆய்வாளர்கள் பலரும் அப்படித்தான் கருதுகிறார்கள்.

அப்புறம், மக்னீசியத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது பெரிய விண்மீன்கள் வெடித்து வருவது. அவை சில கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். இரும்பில் பெரும்பங்கு வெண்குறுமீன்கள், அதாவது சிறிய விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கருக்கள், வெடித்து வருவது, அதற்கு நாள் பிடிக்கும். இரண்டின் விகிதம், வாயு எவ்வளவு வேகமாக வளம் பெற்றது என்று சொல்லிவிடும்.

தேரிக்காடு:
எம்67-ஐக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் மாசி மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் திசையன்விளைப் பக்கம் வாருங்கள். செம்மணல் தேரியில் விளக்கு வெளிச்சம் குறைவு. உச்சியில் பூசம் இருக்கும், அதற்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி பைனாகுலரில் மங்கலான திட்டாகத் தெரியும்.

வள்ளியூர்_வானம்:
கட்டாயம் வருகிறேன் அண்ணாச்சி. வாத்தியாரே, எம்67-இன் கலவையும் வயதும் சூரியனோடு ஒத்துப்போகிறதே, சூரியன் அங்கே பிறந்ததா?

பணகுடி_வாத்தியார்:
கலவை ஒத்துப்போவது மட்டும் போதாது தம்பி. அதே கலவையில் வேறு மேகங்களும் இருந்திருக்கும். எம்67 இப்போது பால்வெளித் தட்டுக்கு ஏறத்தாழ 1,500 ஒளியாண்டு மேலே இருக்கிறது, சூரியனோ தட்டை ஒட்டியே சுற்றுகிறது. அங்கிருந்து சூரியன் பிரிந்து வர வேண்டுமானால் பலமான உதை வேண்டும். அந்த உதையில் கோள்கள் நிலைத்திருக்காது என்று 2012-இல் ஒரு கணிப்பு வந்தது. பின்னால் வந்தவர்கள் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, எம்67-க்குள்ளேயே இரும்பளவு மாறித் தெரியும்: வயதேற ஏற இரும்பு மேற்பரப்பிலிருந்து கீழே இறங்கும், விண்மீன் செம்பூதமாக ஊதும்போது உள்ளே கலங்கி மறுபடி மேலே வரும். அதனால் ஒப்பிடும்போது செம்பூதத்தைச் செம்பூதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.