நெஞ்சு பாரம்: 911 கூப்பிடவா, கார்ல கூட்டிட்டுப் போகவா?

பிராம்ப்டன் புதுசு:
அவசரம். அப்பாவுக்கு ராத்திரி பதினோரு மணியிலிருந்து நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்காம். வியர்க்குது. வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சார், குறையலை. ஆஸ்பத்திரி கார்ல 15 நிமிஷம். ஆம்புலன்ஸ் வந்தா ஆயிரக்கணக்குல பில் வரும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. என்ன பண்றது?

மேப்பிள் மாமா:
ஆயிரமெல்லாம் அமெரிக்காவுல. இங்க கனடாவுல, ஒன்டாரியோவுல 45 டாலர்தான்.

கணக்குப்பிள்ளை:
ஓஹிப் அட்டை, அதான் ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, இருந்தாத்தான் 45. இல்லாதவங்களுக்கு 240. அட்டை இருந்தும், ஆம்புலன்ஸ் தேவையே இல்லன்னு டாக்டர் எழுதிட்டா அதே 240. அப்பா என்ன விசா?

ஸ்னோ சலிப்பு:
எதுல போனா என்ன, உக்கார வைக்கத்தான் போறாங்க. ஆம்புலன்ஸ்ல வந்தா வரிசையைத் தாண்டலாம்னு நினைக்காதீங்க. அஞ்சு படிநிலையில தரம் பிரிச்சுத்தான் உள்ள விடுவாங்க. குடும்ப டாக்டரும் கிடைக்கிறதில்ல, வாங்குற வரிக்கு...

மேப்பிள் மாமா:
பார்க்கிங் காசை விட்டுட்டீங்களே!

ஸ்கார்பரோ அக்கா:
காசுக் கதையைப் பிறகு பாப்பம். தம்பி, உடனே 911 அடியுங்கோ. நெஞ்சு பாரமும் வியர்வையும் சேர்ந்தால் வாயு எண்டு இருக்கக் கூடாது.
ஆம்புலன்ஸில வாற பரமெடிக் வீட்டிலேயே ஈசிஜி எடுப்பினம். அடைப்பு எண்டு தெரிஞ்சால் அடைப்பு எடுக்கிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரா கொண்டு போவினம். உங்கட 15 நிமிஷ ஆஸ்பத்திரியில அது இல்லாமலும் இருக்கலாம். வழியில இதயம் நிண்டால் அவையிட்ட ஷாக் மெஷின் இருக்கு. கார் ஓட்டுற நீங்கள் என்ன செய்வியள்?
போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா எண்டுதான் முதல்ல கேப்பினம். பிறகு விலாசம். வீட்டுக்குக் கீழ பேஸ்மென்டில இருக்கிறியள் எண்டால் "பக்கவாட்டுக் கதவு" எண்டு கட்டாயம் சொல்லுங்கோ, இல்லாட்டி முன்கதவைத் தட்டிக்கொண்டு நிப்பினம். இங்கிலிஷ் தடுமாறினால் "தமிழ்" எண்டு சொல்லுங்கோ, மொழிபெயர்ப்பாளரை லைன்ல எடுப்பினம். அவையாச் சொல்லுமட்டும் போனை வைக்காதேங்கோ.

பிராம்ப்டன் புதுசு:
கூப்பிட்டுட்டேன், அம்மா லைன்ல இருக்காங்க. பேஸ்மென்ட்தான். அப்பாவுக்கு 64, சூப்பர் விசா (பெத்தவங்க வந்து தங்குற விசா), சுகர் உண்டு. ஊர்லேர்ந்து கொண்டு வந்த ஈகோஸ்பிரின் 75 (ஆஸ்பிரின்தான்), சார்பிட்ரேட் (நெஞ்சுவலி மாத்திரை) இருக்கு. குடுக்கவா?

மாத்திரைக் கடை:
சுகர்னு முதல்லயே சொல்லியிருக்கணும். சுகர்காரங்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமகூட வரும்.
ஆஸ்பிரின் அலர்ஜி இருக்கா, ரத்தக்கசிவு இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறாரான்னு லைன்ல சொல்லுங்க. அவங்க சரின்னா, அவங்க சொல்ற அளவு ஈகோஸ்பிரின். மென்னு முழுங்கச் சொல்லுங்க. மேல பூச்சு இருக்கும், அப்படியே முழுங்கினா கரைய நேரமாகும். டாக்டர் அவருக்குன்னு எழுதாத சார்பிட்ரேட்டைத் தொடாதீங்க, பிரஷர் சட்டுனு இறங்கிடும். சாய்ஞ்சு உக்காரட்டும், நடக்க வேண்டாம், மாடிப்படி வேண்டவே வேண்டாம்.
இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: வாய் கோணல், கை விழுறது, பேச்சுக் குழறல்னா அது பக்கவாதமா இருக்கலாம், ஆஸ்பிரின் கூடாது. மூளையில ரத்தக்கசிவா இருக்கலாம். கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்னு குறிச்சு வைங்க, அடைப்புன்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா நாலரை மணி நேரம்தான் கெடு. கணுக்கால் பிசகு, தையல் போடுற அளவு வெட்டுன்னா கார் போதும். எதுன்னு தெரியாத சாதாரணக் காய்ச்சலுக்கு 811, ராத்திரியிலயும் நர்ஸ் எடுப்பாங்க.

ஸ்கார்பரோ அக்கா:
வெளி லைட்டைப் போடுங்கோ, படியில ஐஸ் கரைய உப்புத் தூவுங்கோ. ஸ்ட்ரெச்சர் ஐஸில சறுக்கும். கதவுப் பூட்டைத் திறந்து விடுங்கோ.

கணக்குப்பிள்ளை:
சூப்பர் விசான்னா 240தான். ஆஸ்பத்திரி பில்லுதான் பெரிசு, அதுக்கு இன்சூரன்ஸ் அட்டையில இருக்கிற அவசர எண்ணை இன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டுக் கேஸ் நம்பர் வாங்கிடுங்க. தாமதமாச் சொன்னா தொகையைக் குறைக்கிற பாலிசி உண்டு. பாஸ்போர்ட், மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில போடுங்க. சுகர் மாத்திரை அளவை சமீபத்துல மாத்தினாங்களான்னு அம்மாகிட்ட கேட்டு வைங்க, கிளெய்ம்ல கேப்பாங்க.

பிராம்ப்டன் புதுசு:
வந்துட்டாங்க. ஈசிஜி ஒட்டிட்டு இருக்காங்க. பை ரெடி.